தோன்றா எழுவாய்

பிப்ரவரி 9

அன்புள்ளவளுக்கு,

உனக்கு இது முதல் கடிதம். எனக்கு நான்காவது. முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். ஒன்றில் மன்னிப்பு அதிகமாக இருந்தது, ஒன்றில் போதவில்லை, மூன்றாவது விடுப்பு விண்ணப்பம் போல வந்துவிட்டது. இதுவும் சரியாக வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

உன் தங்கை உன்னை ஆஸ்பத்திரியிலிருந்தே நேராகத் தன் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய் இன்றோடு ஏழு நாள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போன் செய்கிறேன். "அக்கா தூங்குறா அத்தான்" என்கிறாள். இடுப்பு எலும்புக்கு ஆணி வைத்தவர்களுக்குத் தூக்கம் நல்லதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளில் நீ என்னோடு பேசியது ஆறு வாக்கியம். அதில் இரண்டு, ஜன்னலைச் சாத்தச் சொன்னது.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. குளியலறைப் படிக்குக் கைப்பிடி பொருத்த ஒருவர் வந்து அளவெடுத்துப் போனார். எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் என்னைப் பிடித்துக்கொள்கிறார். "அம்மா எப்ப சார் வராங்க? துணி தச்சு மூணு வாரமா தொங்குது. உங்களுக்குப் போட்டுப் பாக்கவா முடியும்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் எழுபதாவது பிறந்தநாளுக்கு மகள் அனுப்பிய தொலைநோக்கி, கேமரா எல்லாவற்றையும் உறைபோட்டு மூடிவிட்டேன். நீ விழுந்த அன்றைக்குப் பிறகு அவற்றைத் தொடவில்லை. ஆனால் அன்று எடுத்த வானத்துப் படங்கள் கணினியில் இருக்கின்றன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும் மென்பொருளைப் பழகிக்கொண்டிருக்கிறேன். இதை உனக்கு எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறைத்தால் தவறு என்று பட்டது. மாலையில் எனக்கு வேறு வேலை இல்லை.

நீ எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன்.

இப்படிக்கு,
உன் கணவன்


பிப்ரவரி 16

மரியாதைக்குரிய கணவருக்கு,

நான் தூங்கவில்லை. அப்படிச் சொல்லச் சொன்னவளே நான்தான்.

போனில் உங்களோடு பேச எனக்குத் தெம்பில்லை. காதுக் கருவியை மாட்டியிருக்கிறீர்களா என்று தெரியாமல் நான் கத்த வேண்டும், நீங்கள் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டுவீர்கள். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவளுக்கு வீட்டில் வாய்த்த லைன் இப்படி. அதனால் எழுதுங்கள். அச்சகத்தில் நாற்பது வருஷம் மெய்ப்புப் பார்த்து அடுத்தவர் பிழையைத் திருத்தியவர் நீங்கள். உங்கள் எழுத்தில் பொய் இருந்தால் எனக்கு வரி எண்ணோடு தெரியும்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அதற்கு முன்னால், ஜனவரி இருபத்தொன்றாம் தேதி சமையலறையில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் இதுவரை கேட்கவே இல்லை.

ஏழரை மணிக்கு வீட்டை இருட்டாக்கச் சொன்னீர்கள். ஆக்கினேன். எட்டரைக்கு மேல் குளியலறைக்குப் போகலாம் என்று தடவிக்கொண்டே போனேன். படி இருக்கும் இடத்தில் படி இல்லை. சமையலறைப் பக்கமாக விழுந்தேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. உங்களைக் கூப்பிட்டேன். கருவியைக் கழற்றி வைத்திருப்பீர்கள் என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நம் சிவப்புக் காகிதம் ஒட்டின மேஜை விளக்கின் வயர் தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலேயே சுவிட்ச் இருப்பதால் கைக்கு எட்டியது. போட்டேன், அணைத்தேன். மூன்று தடவை. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று தடவை.

மூன்று தடவை மினுக்கினால் உடனே வா என்று அர்த்தம். இது நாமே வைத்துக்கொண்டது. நீங்கள் பழைய தொலைநோக்கியோடு பின்முற்றத்தில் நின்ற காலத்தில், காது கேட்காத மனுஷனைச் சாப்பிடக் கூப்பிட நான் கண்டுபிடித்த வழி. சாப்பாட்டுக்கு ஒரு தடவைகூட நீங்கள் தாமதித்ததில்லை.

அன்று என் விளக்கு உங்களுக்குத் தெரிந்ததா, இல்லையா?

ஒரு வார்த்தை போதும். நான் வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது. தெரியவில்லை என்றால் வருகிறேன். கண் தெரியாதவரோடு குடித்தனம் நடத்தலாம்.


பிப்ரவரி 22

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தை ஆறு முறை படித்தேன். ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொன்னால் துல்லியமாக இருக்காது என்று தோன்றுகிறது. தயவுசெய்து பொறுமையாகப் படி.

முதலாவது, சிவப்பு. பழைய தொலைநோக்கியில் நான் கண்ணால் பார்த்தேன். இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பு வெளிச்சம் கெடுக்காது. அதனால்தான் அந்த விளக்குக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டினோம். புதிய கேமராவின் விஷயம் வேறு. நான் எடுக்க முயன்ற ரோசெட் நெபுலா ஒரு பெரிய வாயுமேகம். ரோஜாப்பூவைப் போல இருக்கும். அதிலிருந்து வருவதே ஒரு வகைச் சிவப்பு. ஊர் வெளிச்சத்துக்கு நடுவில் அதைப் பிடிப்பதற்காக ஒரு ஃபில்டர் இருக்கிறது. அது மற்ற நிறங்களைத் தடுத்துவிட்டு அந்தச் சிவப்பை மட்டும் உள்ளே விடும். ஆகவே முன்பு எந்த விளக்கால் கெடுதல் இல்லையோ, இப்போது அதனால்தான் கெடுதல். டிசம்பரில் சிவப்பு விளக்கும் வேண்டாம் என்று உன்னிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது இதனால்தான்.

இரண்டாவது, நான் பின்முற்றத்தில் இல்லை. புதிய கருவியில் தொலைநோக்கியின் தாங்கி தானாகவே வானத்தோடு சுற்றுகிறது. முதல் மூன்று வாரம் எனக்கு அதைத் துருவத்துக்கு நேராக நிறுத்தத் தெரியவில்லை. நட்சத்திரங்கள் எல்லாம் அரிசியைச் சிந்தியதுபோலக் கோடுகோடாக விழுந்தன. குவியம் பிடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. கையேட்டை முழுதாகத் திரும்பத் திரும்ப மூன்று முறை படித்தேன். இருபத்தொன்றாம் தேதிதான் முதன்முதலாக எல்லாம் சரியாக அமைந்தது. கருவி மட்டும் பின்முற்றத்தில் நின்றது; நான் முன்னறையில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து சமையலறை தெரியாது.

மூன்றாவது, ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஐந்து நிமிடம் திறந்திருக்கும். நீ மூன்று முறை மினுக்கினாலும் முப்பது முறை மினுக்கினாலும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, படத்தின் ஓரத்தில் ஒரு கறையாகத்தான் விழும். அதில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. எனவே அந்த வெளிச்சம் கவனிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் நீ கூப்பிடுகிறாய் என்று உணரப்படவில்லை.

இதற்குமேல் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கைப்பிடி பொருத்தியாகிவிட்டது. பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். தாங்குகிறது.

உன் கணவன்


மார்ச் 3

மரியாதைக்குரிய ஆசிரியருக்கு,

நான் கேட்டது ஒரு வார்த்தை. வந்தது பாடம். சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அக்கா, இது லெட்டர் இல்ல, அத்தான் உனக்குப் பரீட்சைக்கு நோட்ஸ் எழுதி அனுப்பியிருக்காரு" என்றாள் தங்கை. இருவரும் சிரித்தோம். ஆணி வைத்த இடம் வலித்தது.

கவனிக்கப்பட்டிருக்கலாம். உணரப்படவில்லை. கேட்டுக்கொள்ளப்பட்டது. யாரால் ஐயா?

நாற்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். நல்லது ஏதாவது செய்தால் "நான்" என்று ஆரம்பிப்பீர்கள். கைப்பிடியில் நான் தொங்கிப் பார்த்தேன், கையேட்டை நான் மூன்று முறை படித்தேன். தப்பு என்று வந்துவிட்டால் வாக்கியத்தில் உங்களைக் காணோம். என் கைக்கடிகாரத்தை மிதித்துவிட்டு "கடிகாரம் உடைந்துவிட்டது" என்றவர்தானே? இப்படி எழுவாய் ஒளிந்துகொண்டால் அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். கல்யாணமான புதிதில். அப்போது அதைக் கொஞ்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு ரோஜா வாங்கித் தரத் தோன்றவில்லை உங்களுக்கு. வானத்தில் எங்கேயோ இருக்கிற ரோஜாவுக்காக என் சமையலறையை இருட்டாக்கினீர்கள். போகட்டும்.

எனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். நான் பத்து நிமிஷம்போல மினுக்கியிருப்பேன். அப்புறம் விளக்கு நின்றுவிட்டது. சுவிட்சை எத்தனை தடவை அழுத்தினாலும் எரியவில்லை. நீங்கள் வந்து பார்த்தபோது மணி பத்தரை என்று ஆஸ்பத்திரியில் சொன்னீர்கள். அதுவரை இருட்டில்தான் கிடந்தேன். பல்பு போய்விட்டதா என்று பார்த்து எழுதுங்கள்.

முதல் கேள்விக்கும் பதில் வரவில்லை. டாக்டர் மாதக் கடைசியில் பயணம் செய்யலாம் என்கிறார். தங்கை "இங்கயே இருந்துடு. அத்தானுக்கு நட்சத்திரம் போதும்" என்கிறாள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.


மார்ச் 9

அன்புள்ளவளுக்கு,

நான் பார்த்தேன்.

அது பன்னிரண்டாவது படம். எட்டு நாற்பதுக்குத் திரையில் வந்தது. இடது ஓரம் முழுக்கச் சிவந்திருந்தது. சமையலறை விளக்கு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மூன்று முறை மினுக்கினாய் என்பது தெரியாது. அது உண்மை. ஆனால் விளக்கு எரிகிறது என்பது தெரியும். "மறுபடியும் போட்டுவிட்டாளே" என்றுதான் நினைத்தேன்.

எழுந்து வந்து பார்த்திருக்க வேண்டும். வந்தால் வாக்குவாதம் வரும் என்று பயந்தேன். முதல் நாள்தான் நீ "நான் என்ன திருடியா, என் சமையக்கட்டுல இருட்டுல தடவுறதுக்கு?" என்று கேட்டிருந்தாய். சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாளும் அதே கேள்வி வந்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டையும் பதின்மூன்றையும் நீக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தேன். மெய்ப்பில் பிழையை அடிப்பதுபோல அடித்தேன். அவ்வளவு சுலபமாக.

விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். விளக்கு சோதிக்கப்பட்டது. பல்பு நன்றாக இருக்கிறது. அன்று ஏன் அணைந்தது என்பதற்குக் காரணம் எதுவும் தெரியவரவில்லை.

இனிமேல் வீட்டில் எந்த விளக்கும் அணைக்கப்பட வேண்டியதில்லை. உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் கணவன்


மார்ச் 17

உங்களுக்கு,

"நான்" என்று ஆரம்பித்திருந்தீர்கள். தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பரவாயில்லயே, அத்தானுக்கு அந்த வார்த்தை எழுத வருது" என்றாள்.

தெரியவில்லை என்றால் வருகிறேன் என்று எழுதியிருந்தேன். தெரிந்தது என்று சொல்கிறீர்கள். ரொம்ப நேரம் யோசித்தேன். சண்டைக்குப் பயந்து நீங்கள் எழுந்து வராமல் இருந்தது எனக்குப் புதுசு இல்லை. மகள் படிப்பை நிறுத்துகிறேன் என்று நின்ற அன்றும் நீங்கள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நீங்கள் அப்படித்தான் என்று தெரிந்தேதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன். அதற்காக இப்போது வராமல் இருப்பது நியாயமில்லை.

விளக்கைப் பற்றியும் யோசித்தேன். வலியில் நான்தான் வயரைப் பிடித்து இழுத்திருப்பேன். பிளக் நழுவியிருக்கும். அதைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்? தப்பு என்மேல்தான் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். இல்லையென்றால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போகிறேன். முப்பதாம் தேதி காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறது. தங்கை கூட வந்து விட்டுவிட்டுத் திரும்புவாள். ஸ்டேஷனுக்கு வரும்போது காதில் கருவி இருக்கட்டும்.

படத்தை அடுக்கி முடித்துவிட்டீர்களா? முடிந்திருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள். "இத்தன கூத்தும் எதுக்குன்னு நானும் பாக்கறேன்" என்கிறாள் தங்கை.


மார்ச் 22

அன்புள்ளவளுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் இன்னொன்று எழுதினேன். அதில் இரண்டே வரி. "பிளக் நழுவியிருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. முப்பதாம் தேதி ஸ்டேஷனில் இருப்பேன்." உறையில் போட்டு ஒட்டி, தபால்பெட்டிவரை கொண்டுபோய்விட்டேன். அங்கே நின்றேன். பிறகு எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். தையல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்டாம்ப் ஒட்ட மறந்துட்டீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

பிளக் நழுவவில்லை. விளக்கை நான் அணைத்தேன்.

பதின்மூன்றாவது படமும் சிவந்து வந்ததும் எழுந்தேன். ஹாலுக்குப் போனேன். மெயின் போர்டில் வீட்டின் பின்பக்கத்துக்கென்று தனி சுவிட்ச் இருக்கிறதே, அதைக் கீழே தள்ளினேன். கருவிகள் பேட்டரியில் ஓடின. கணினி முன்பக்கத்து மின்சாரத்தில் இருந்தது. அவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று யோசித்துத்தான் செய்தேன். மின்சாரம் போய்விட்டது என்று நீ நினைத்துக்கொள்வாய், சண்டை இல்லாமல் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சமையலறைக்கு வந்து "விளக்கை அணை" என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாதவனுக்கு இதைச் செய்யத் தைரியம் இருந்தது.

திரும்பிவந்து உட்கார்ந்தேன். அரைகுறையாக இருந்த பதினான்கைத் தள்ளிவிட்டேன். பதினைந்தாவது படம் சுத்தமாக வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதிப் பயனில்லை. ஐந்து வாரம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டது கைகூடிவிட்டது என்று, அந்த இருட்டில் தனியாக உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன்.

பத்து இருபதுக்கு மேகம் வந்தது. நிறுத்தினேன். சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, பசிக்கிறது என்று சமையலறைக்கு வந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நீ கிடந்தாய். கண் மூடியிருந்தது. மயக்கம் என்று டாக்டரிடம் சொன்னது நான்தான். மயக்கத்தில் இருந்ததால் விளக்கு மறுபடி எரிந்தது உனக்குத் தெரிந்திருக்காது என்று இரண்டு மாதமாக நம்புகிறேன். நம்புகிறேன் என்பதும் சரியான சொல் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ பழியை உன்மேல் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருக்காவிட்டால் இதை எப்போதாவது சொல்லியிருப்பேனா? நேர்மையாகப் பதில் சொன்னால், எனக்குத் தெரியவில்லை.

படம் முடிந்துவிட்டது. இருபத்தொன்பது படங்களை அடுக்கினேன். அதில் பதினொன்று நீ விழுவதற்கு முன்னால் எடுத்தவை. பதினெட்டு, நீ இருட்டில் கிடந்தபோது எடுத்தவை. அந்தப் பதினெட்டையும் நீக்கிவிட்டு மற்றதை மட்டும் அடுக்கிப் பார்த்தேன். மணலை வாரி இறைத்ததுபோல இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால்தான் பூ தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது. ஆகவே உன் தங்கைக்கு அனுப்ப என்னிடம் படம் எதுவும் இல்லை.

முப்பதாம் தேதி நான் ஸ்டேஷனுக்கு வருவேன். நீ வருவது உன் விருப்பம்.

உன் கணவன்


மார்ச் 27

உங்களுக்கு,

எனக்கு மயக்கம் எதுவும் வரவில்லை. விளக்கு தானாக எரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

யார் அணைத்தது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் காது மந்தம், எனக்கு இல்லை. முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. பிறகு உங்கள் செருப்புச் சத்தம். "பாத்துட்டாரு, வராரு" என்று வாய்விட்டே சொன்னேன். அந்த வலியிலும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன். ஹாலில் செருப்பு நின்றது. டக்கென்று சுவிட்ச் விழுந்தது. அப்புறம் செருப்பு திரும்பிப் போயிற்று. நான் கத்தவில்லை. அதற்குப் பிறகு ஒருதடவைகூடக் கத்தவில்லை. அது உங்களுக்குத் தெரியாது.

நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்க்கத்தான் இத்தனை கடிதமும். பிளக் கதையை உங்களுக்காக நானே கட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஏறவில்லை. அது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அந்த மட்டில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சொல்லிவிட்டால் எனக்கு மனசு ஆறிவிடும், வந்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். பெட்டி கட்டியாகிவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்து மடித்து வைத்தேன். "அக்கா, ரயில் எத்தன மணிக்கு?" என்று தங்கை உள்ளேயிருந்து கேட்டாள். "கேன்சல் பண்ணிடு" என்று என் வாயிலிருந்து வந்தது. எனக்கே ஆச்சரியம். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வந்து திட்டியிருப்பேன். தேடிப் பார்க்கிறேன், அது இல்லை. அந்த இடத்தில் வேறெதுவும் இல்லை.

முப்பதாம் தேதி ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். என் துணிமணி, மருந்துச் சீட்டு, படிக்கும் கண்ணாடி, பென்ஷன் புத்தகம், தையல்காரரிடம் இருக்கும் துணி, எல்லாவற்றையும் பார்சலில் போடுங்கள். மகளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். இடுப்பு சரியாகும்வரை இங்கே இருக்கிறேன் என்றுதான் சொல்லப்போகிறேன். நீங்களும் அதையே சொல்லுங்கள்.

மெயின் போர்டிலிருந்து நான் கிடந்த இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்குமா? நீங்கள் வர வேண்டியிருந்தது அவ்வளவுதான். சரியாக எத்தனை என்று அளந்து எழுதிவிடாதீர்கள்.